வேலிப் பச்சோந்தியும் வீட்டுக் கூண்டும்

"வேலியிற் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, குத்துகிறது குடைகிறது என்றானாம்" என்பது தமிழ்நாட்டுக் குடியானவர் யாவரும் அறிந்த பழமொழி. வேண்டாத வழக்கையும் வேண்டாத ஜாமீனையும் தலைமேற் போட்டுக்கொண்டு பின்னர் வருந்துகிறவர்களைக் குறித்துப் பெரியவர்கள் இதைச் சொல்வது வழக்கம். இக்காலத்திலோ இப்பழமொழி சொல்லுக்குச் சொல் மெய்யாகிவிடும் போலிருக்கிறது. அந்நிய தேசத்தார் தங்கள் தோள்மீது பச்சோந்தியை ஏற்றிக்கொண்டு உலாவுவதையும், இடுக்கியால் அதற்கு இரை ஊட்டுவதையும் செல்போனில் காணும் சிறுவர்கள், தங்கள் ஊர் வேலியிலும் அத்தகைய ஜந்து ஒன்று இருப்பதை உணர்ந்து, அதைப் பிடித்து வந்து வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். பிள்ளையின் ஆசையைத் தடுக்க மனமில்லாத தகப்பனாரும், "பூச்சியைத்தானே தின்கிறது, அரிசிச் செலவா, பால் செலவா, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சும்மா இருந்துவிடுகிறார்.

1993-ம் வருஷத்தில் பழைய தென்னாற்காடு ஜில்லாவிலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான விழுப்புரத்தைச் சேர்ந்தது கெடார். ஏரிப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் நெல்லும் கரும்பும், மானாவாரிப் புன்செய்யில் மணிலாவும் உளுந்தும் பயிராகும் இவ்விடங்களில், கொல்லைகளைச் சுற்றிக் கள்ளியும் கிளுவையும் நொச்சியும் பின்னிப் படர்ந்த வேலிகள் பரம்பரையாக இருந்து வந்தவை. வறண்ட காடும் புதரும் வேலியும் உள்ள இடமே பச்சோந்திக்கு உகந்த இடம். ஆகையால், இதனை எவ்வாறு வளர்ப்பது, என்ன ஆகாரம் கொடுப்பது என்ற கேள்வி இப்பகுதிக் குடியானவர் வீட்டுத் திண்ணையிலும் எழக்கூடியதே.

இக்கேள்விக்கு நேர்மையான விடை ஒன்று உண்டு. பச்சோந்திக்கு வேண்டிய ஆகாரம், தண்ணீர், வெயில், இடம், தனிமை இவை யாவையும் ஒருவர் முறையாகக் கற்றறிந்தால், அதைக் கூண்டில் அடைக்க அவருக்கு மனம் வராது. அதை வளர்க்க விரும்புகிறவர் தம் நிலத்து வேலியை வளர்ப்பதே முறை. இது வெறும் ஜீவகாருண்யப் பேச்சன்று என்பது பின்வருவனவற்றால் விளங்கும்.

பச்சோந்தி எது, ஓணான் எது

முதலில் ஜந்துவை அடையாளம் காண்பது அவசியம். வேலியிலும் சுவரிலும் தலையை ஆட்டிக்கொண்டு விரைந்து ஓடுவது ஓணான். பச்சோந்தி ஓடுவதில்லை. காற்றில் அசையும் இலைபோல் முன்னும் பின்னும் ஆடி ஆடி, ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து நடக்கும். உடல் இருபுறமும் தட்டையாக நசுக்கியதுபோல் இருக்கும். தலையின் பின்புறத்தில் முக்காடு போன்ற ஒரு மேடு உண்டு. கால்விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து, குறடு போல எதிரெதிராக அமைந்து கிளையைப் பற்றும். வாலும் சுருண்டு ஐந்தாவது கைபோல் உதவும். கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலக்கூடியவை. ஒரு கண் மேலே பருந்தைக் கவனிக்க, மற்றொரு கண் கீழே வெட்டுக்கிளியைக் கவனிக்கும். வால் உட்பட ஓரடி அளவிலும் சற்று அதிகமாகவும் வளரும்.

உலகத்தில் இருநூற்றுக்கு மேற்பட்ட பச்சோந்தி வகைகள் இருக்கின்றன. அவற்றுள் ஏறக்குறைய பாதி மடகாஸ்கர் தீவிலேயே உள்ளன. இந்தியாவிற்கும் இலங்கைக்கும் உரியது ஒரே வகை. அதற்குக் கமீலியோ ஜெய்லானிகஸ் என்று 1768-ம் வருஷத்தில் லாரெண்டி என்னும் ஆஸ்திரிய நாட்டு இயற்கை நூலார் பெயரிட்டார். ஆகையால், கெடார் வேலியில் இருப்பதும் யாழ்ப்பாணத்துப் பனங்காட்டில் இருப்பதும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை.

பச்சோந்தியைப் பற்றி வழங்கும் அச்சங்கள் பல. அதன் மூச்சு பட்டால் விஷம் என்பர் சிலர். கடித்தால் மரணம் என்பர் வேறு சிலர். இவை யாவும் ஆதாரமற்றவை. பச்சோந்திக்கு விஷப்பல்லும் இல்லை, விஷப்பையும் இல்லை. பயந்தால் உடலை ஊதிப் பெருக்கி, வாயைத் திறந்து சீறும். கையில் இறுகப் பிடித்தால் கடிக்கவும் செய்யும். அவ்வளவே. இந்த வீணான அச்சத்தினால் கல்லெறிந்து கொல்லப்படும் பச்சோந்திகளும் உண்டு. அச்சத்தினால் கொல்வதும், ஆசையினால் அடைத்து வைத்துச் சாகவிடுவதும் முடிவில் ஒன்றே.

நிறம் மாறுவதைப் பற்றியும் தவறான எண்ணம் பரவியிருக்கிறது. சிவப்புத் துணியில் விட்டால் சிவப்பாகும், நீலத் துணியில் விட்டால் நீலமாகும் என்று எண்ணி அதைத் துணிக்குத் துணி மாற்றி வேடிக்கை பார்ப்பது உண்டு. உஷ்ணம், வெளிச்சம், கோபம், பயம், இணை தேடும் பருவம் இவற்றுக்கு ஏற்பவே அதன் நிறம் மாறுகிறது. விடியற்காலையில் குளிர்ந்திருக்கும்போது வெயிலை அதிகமாக வாங்கிக்கொள்ள உடலைக் கறுப்பாக்கிக்கொள்ளும். தோலில் உள்ள நுண்ணிய படிகங்களின் இடைவெளி கூடுவதாலும் குறைவதாலும் நிறம் வேறுபடுவதை, மடகாஸ்கர் நாட்டு வகை ஒன்றை ஆராய்ந்து ஜினீவா பல்கலைக்கழகத்தார் 2015-ம் வருஷத்தில் வெளியிட்டனர். ஆகவே, துணிமேல் விடப்பட்ட பச்சோந்தி கரிய நிறம் கொண்டால், அது வித்தை காட்டுகிறது என்று மகிழ்வதற்கு இடமில்லை. பிடித்தவரைக் கண்டு அது நடுங்குகிறது என்றே கொள்ள வேண்டும்.

ஆகாரம்

பச்சோந்தி உயிருள்ள பூச்சியையே தின்னும். சோறு, பால், வெந்த பருப்பு, நறுக்கிய காய்கறி இவற்றை வைத்துவிட்டுத் தின்னவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. அசையும் இரையைக் கண்டால்தான் அதன் கண்கள் இரண்டும் ஒருமுகப்படும். உடனே தன் உடலின் நீளத்தைவிட அதிகமான நீளமுள்ள நாக்கை அம்புபோல் எய்து இரையை இழுத்துக்கொள்ளும். வெட்டுக்கிளி, சிள்வண்டு, ஈ, பட்டுப்பூச்சி, புழு முதலியன அதன் ஆகாரம்.

வளர்ந்த பச்சோந்தி ஒன்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாளாவது ஐந்து முதல் பத்து வரை நல்ல பூச்சிகள் வேண்டும். குட்டிகளுக்குத் தினந்தோறும் சிறு பூச்சிகள் பலமுறை வேண்டும். பூச்சியின் பருமன் பச்சோந்தியின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்துக்கு மேற்படலாகாது. ஒரேவகைப் பூச்சியைத் தொடர்ந்து கொடுத்தால் உடம்பு கெடும். பிடித்த பூச்சிக்கும் இலை தழை போட்டு ஒருநாள் வளர்த்து, வயிறு நிறைந்த பூச்சியாகக் கொடுக்க வேண்டும். அதன்மேல் சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவுவதும் அவசியம். மருந்து அடித்த மணிலாக் கொல்லையிலும் கத்தரித் தோட்டத்திலும் பிடித்த பூச்சியைக் கொடுத்தால், பயிருக்கு அடித்த விஷம் பச்சோந்தியின் வயிற்றில் சேரும். இவ்வளவையும் ஒரு குடியானவர் வீட்டில் எத்தனை நாள் செய்ய முடியும்? முதல் வாரம் சிறுவன் உற்சாகத்துடன் பூச்சி பிடிப்பான். பரீட்சை வந்தாலும் நடவு வந்தாலும் கூண்டு மறந்துபோகும்.

தண்ணீர்

பட்டினியைவிடத் தாகமே அடைபட்ட பச்சோந்திகளை அதிகமாக வருத்துவது. கிண்ணத்தில் நிற்கும் நீரைப் பச்சோந்தி நீரென்று அறிவதில்லை. இலைமேல் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையுமே நக்கிக் குடிக்கும். ஆகையால், நாளொன்றுக்கு இருமுறையாவது கூண்டுக்குள் உள்ள இலைகளின்மேல் பூவாளியாற் பொழிவதுபோல் நுண்துளியாக நீர் தெளித்து, அது நிதானமாகக் குடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கூண்டில் கிண்ணம் நிறையத் தண்ணீர் இருக்கவே, பக்கத்திலேயே பச்சோந்தி தாகத்தால் ஒடுங்கும். குழிந்த கண்களும், வெண்மையாக இருக்கவேண்டிய எச்சப் பகுதி ஆரஞ்சு நிறமாவதும் தாகத்தின் அடையாளங்கள்.

வெயிலும் இடமும்

பச்சோந்திக்கு நேரான வெயில் வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலிற் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி உண்டாகி, தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் ஏறும். ஜன்னற் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அக்கதிர் பெரும்பாலும் இராது. வீட்டுக்குள் அடைபட்ட பச்சோந்தியின் கால் எலும்பு வளைவதும், தாடை மெத்தென்று ஆவதும், கிளையைப் பற்ற முடியாமல் கீழே விழுவதும் இக்குறையினாலேயே. அதற்காகக் கூண்டை முற்றத்து வெயிலில் வைத்துவிட்டால், ஒதுங்க நிழலின்றிச் சில நாழிகைக்குள் வெந்து சாகும். வேலியிலோ வெயில் வேண்டும்போது மேற்கிளைக்கு ஏறும். சுடும்போது உட்கிளைக்கு இறங்கும். அந்தச் சுதந்திரத்தை எந்தக் கூண்டும் தராது.

அயல்நாடுகளில் இதைத் தொழிலாகக் கொண்டவர்கள் நான்கடி உயரமும் இரண்டடிச் சதுரமுமான வலைக்கூண்டு, தனி விளக்குகள், தானே நீர் தெளிக்கும் கருவி, தனித்தேர்ச்சி பெற்ற மிருக வைத்தியர் ஆகிய இவ்வளவையும் வைத்துக்கொண்டே வளர்க்கிறார்கள். அங்கேயும் வளர்க்கப்படுபவை பெரும்பாலும் ஏமன் நாட்டு வகை முதலியன. அவற்றிற் பல, தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பொரித்தவை. வேலியிற் பிடித்த பச்சோந்திக்கும் அவற்றிற்கும் காட்டுப் பன்றிக்கும் பட்டிப் பன்றிக்கும் உள்ள வேற்றுமை உண்டு. காட்டுப் பச்சோந்தியின் வயிற்றில் இயல்பாகவே சில புழுக்கள் இருக்கும். வேலியில் அவை அடங்கிக் கிடக்கும். கூண்டின் பயத்தில் உடல்வலி குறைந்ததும் அவை பெருகிக் கொல்லும்.

தனிமையும் சந்ததியும்

பசுவும் நாயும் மனிதனுடைய கையை நாடும். பச்சோந்தி அவ்வாறன்று. தொடுவதும் தூக்குவதும் அதற்குத் துன்பமே. தன் இனத்தோடும் அது கூடி வாழ்வதில்லை. இரண்டு ஆணை ஒரே கூண்டில் விட்டால் சண்டையிடும். தன் சாயலைக் கண்ணாடியிற் கண்டாலும் சீறும்.

பெண் பச்சோந்தியைப் பிடிப்பது இன்னும் பெருங்கேடு. மரத்தைவிட்டு இறங்காத இந்த ஜந்து, முட்டையிடுவதற்கென்றே தரைக்கு வரும். ஈர மண்ணில் குழி தோண்டி, பத்து இருபது முட்டைகளையும் அதற்கு மேலும் இட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகும். மெல்ல நடக்கும் ஜந்துவாகையால், சிறுவர் கையிலும் நாய் வாயிலும் சாலை வண்டியின் அடியிலும் அகப்படுவது பெரும்பாலும் இப்படித் தரைக்கு இறங்கிய சமயத்திலேயே. அவ்விதம் சினையுடன் பிடிபட்டதைக் கூடையில் அடைத்தால், குழி தோண்ட மண்ணின்றி முட்டைகள் வயிற்றிலேயே தங்கி, தாயும் சாகும். வேலி ஒன்றில் அந்த வருஷத்துச் சந்ததி முழுவதும் ஒரு கூடைக்குள் முடிந்துவிடும்.

சட்டம் கூறுவது

மேற்கண்டவற்றைக் கேட்டபின்னும், "பணம் செலவழித்து எல்லாம் செய்கிறேன்" என்று கூறுபவர் இருக்கலாம். அவருக்குச் சட்டம் விடை கூறும். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இந்தியப் பச்சோந்தி இடம் பெற்றது. அச்சட்டத்தில் வேட்டை என்ற சொல் துப்பாக்கியால் சுடுவதை மட்டும் குறிப்பதன்று. பிடிப்பதும், கண்ணி வைப்பதும், அடைப்பதும், ஊர்வனவற்றின் முட்டையைக் கலைப்பதும் வேட்டையேயாகும். சிறைவாசமும் அபராதமும் விதிக்க இடமுள்ள குற்றம் இது. தன் நிலத்து வேலியில் இருந்ததென்று வாதிப்பதிலும் பயனில்லை. நிலம் பட்டாதாருடையதாயினும், சட்டப்படி வனவிலங்கு சர்க்காருடைய சொத்து. அத்தகைய விலங்கு எவ்விதத்திலேனும் ஒருவர் வசம் வந்துவிட்டால், நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குள் அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வன அதிகாரியிடமோ தெரிவித்துவிடுவது கடமை.

கடையில் வாங்கிய அயல்நாட்டுப் பச்சோந்தி என்றாலும் முழு விடுதலை இல்லை. பச்சோந்தி வகைகளிற் பெரும்பாலானவை சர்வதேச வாணிப உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளன. 2022-ம் வருஷத்துத் திருத்தச் சட்டமும், 2024-ம் வருஷத்தில் வெளியான விதிகளும், அவ்வகைப் பிராணிகளை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்யவேண்டும் என்று கட்டளையிடுகின்றன. வளர்க்க முடியவில்லையென்று அவற்றை ஊர் வேலியில் விட்டுவிடுவது மேலும் தீங்கு. 1972-ம் வருஷத்தில் கென்யா தேசத்திலிருந்து ஹவாய்த் தீவுக்கு வியாபாரத்திற்காகக் கொண்டுவரப்பட்ட சில பச்சோந்திகள், தோட்டத்திலிருந்து தப்பிப் பெருகி, இன்று அத்தீவுக்கே உரிய பூச்சிகளையும் நத்தைகளையும் தின்று வருகின்றன. சீமைக்கருவேல் வந்த கதையை அறிந்த தமிழ்நாட்டுக் குடியானவருக்கு இதனை விரித்துக் கூற வேண்டுவதில்லை.

கிராம நிர்வாக அதிகாரிகளும் பஞ்சாயத்துத் தலைவர்களும் இவ்விஷயத்தில் செய்யத்தக்கது உண்டு. சிறுவன் ஒருவன் அறியாமல் பிடித்து வந்ததைப் பெருங்குற்றமாக்கி அவன் வீட்டாரை அலைக்கழிக்க வேண்டியதில்லை; அதற்காக, கண்டும் காணாததுபோல் இருப்பதும் தகாது. வன இலாகாவினருக்குச் செய்தி அனுப்பி, ஜந்துவை ஒப்படைக்கச் செய்வதே இருவருக்கும் நன்மை. கிராம சபைக் கூட்டத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஒருமுறை எடுத்துரைத்தால், பிடிப்பது குற்றம் என்பதும், கொல்வதற்குக் காரணமே இல்லை என்பதும் ஊரில் நிலைக்கும்.

வேலியை வளர்ப்பது

இனி, பச்சோந்தியை விரும்புகிற குடியானவர் செய்யத்தக்கது யாது? அவர் நிலத்து வேலியே அதற்குக் கூண்டு, தீவனத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி யாவும்.

பச்சோந்தியினால் பயிருக்கு உண்டாகும் நன்மையை மிகைப்படுத்திக் கூறுவது முறையன்று. ஒரு பச்சோந்தி ஒரு நாளில் தின்னும் பூச்சிகள் சிலவே. மணிலாவில் சுருள்பூச்சி விழுந்தபோது அதைப் பச்சோந்தி வந்து ஒழிக்கும் என்று காத்திருப்பவர் மகசூலை இழப்பார். நன்மை செய்யும் பூச்சியையும் அது தின்னவே செய்யும். அதன் உண்மையான பயன் வேறு. பச்சோந்தி நிலைத்து வாழும் வேலியில் பலவகைச் செடியும், பலவகைப் பூச்சியும், நஞ்சில்லாத இலையும், கலைக்கப்படாத மண்ணும் இருக்கின்றன என்பது பொருள். அத்தகைய வேலியில் கரிச்சானும் தவிட்டுக்குருவியும் குளவியும் தேனீயும் தங்கும். பயிருக்குக் காவல் அவை எல்லாம் சேர்ந்த கூட்டமேயாகும்.

இந்த உயிர்வேலியை அழித்துக் கல்தூண் நட்டு முள்கம்பி கட்டுவது நாட்டில் எங்கும் பரவிவருகிறது. அதற்குக் குடியானவர் கூறும் காரணங்கள் புறக்கணிக்கத்தக்கவையல்ல. உயிர்வேலி நான்கைந்தடி நிலத்தை விழுங்குகிறது. ஓரத்துப் பயிருக்கு நிழல் கட்டுகிறது. வெட்டிச் சீராக்கக் கூலி ஆகிறது. எலி வளை வைக்கிறது. பங்காளிகளுக்குள் பாகம் பிரியும்போது, வேலி யார் நிலத்தில் நிற்கிறது என்ற தகராறும் உண்டாகிறது. சிறு நிலம் உடையவருக்கு நான்கடியும் பெரிதே.

ஆயினும், கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். முள்கம்பி துருப்பிடித்தால் புதுக்கம்பி விலைக்கு வாங்க வேண்டும். கிளுவைப் போத்தோ மழை தொடங்கும் சமயத்தில் நட்டால் தானே வேர்விட்டுத் தழைத்து, ஆட்டுக்குத் தழையும் தரும். நொச்சித் தழை தானியக் குதிரில் இடுவதற்கும், ஆடாதொடை வயலுக்குத் தழையுரமாக மிதிப்பதற்கும் உதவும். பூவரசு மரம் ஏருக்கும் கருவிக்கும் ஆகும். மேல்காற்று வீசும் மாதங்களில் நிலத்து ஈரம் உலராமல் தடுப்பது உயிர்வேலியே. கம்பி காற்றைத் தடுப்பதில்லை. நான்கு புறமும் வைக்க இயலாதவர் மேற்குப் புறமாவது வைக்கலாம். பக்கத்து நிலத்தாரோடு சர்வே கல்லைப் பார்த்து, பொது எல்லையில் ஒரே வேலியாக வைத்துக்கொண்டால், இருவருக்கும் இரண்டடியே செலவு. இத்தகைய உடன்பாட்டுக்குக் கிராம நிர்வாக அதிகாரி நின்று எல்லையைக் காட்டிக் கொடுத்தால், பின்னால் வரும் வழக்கொன்றும் குறையும்.

வேலியைப் பராமரிப்பதில் கவனிக்கத்தக்கவை சில. ஒரே வருஷத்தில் வேலி முழுவதையும் மொட்டையாக வெட்டாமல், இவ்வருஷம் ஒரு பாதியும் அடுத்த வருஷம் மறுபாதியுமாகக் கழிக்க வேண்டும். வெட்டிய பகுதியிலிருந்து ஜந்துக்கள் மறுபகுதிக்குச் சென்று பிழைக்கும். வேலி அடியில் தீ வைப்பது அறவே கூடாது. விரைந்தோடும் ஓணான் தப்பினாலும், மெல்ல நடக்கும் பச்சோந்தியும், மண்ணுள் இருக்கும் முட்டையும் தப்பா. மழைக்காலத்தை ஒட்டி வேலி அடி மண்ணைக் கொத்திப் புரட்டாமல் விடுவது நல்லது. பயிருக்கு மருந்து தெளிக்க நேர்ந்தால் காற்றின் திசையைப் பார்த்து, வேலியில் படாமல் தெளிக்க வேண்டும். கரும்பு வெட்டும்போதும் வேலி கழிக்கும்போதும் பச்சோந்தி கண்ணிற் பட்டால், நீண்ட குச்சி ஒன்றை அதன் முன் நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். அப்படியே பக்கத்துப் புதரில் விட்டுவிடலாம். கையாற் பிடித்து இழுத்தால் பற்றிய காலும் வாலும் முறியும்.

காயம்பட்ட பச்சோந்தி அகப்பட்டால், வன இலாகாவினர் வரும்வரை, குச்சிகளும் தழையும் வைத்த காற்றோட்டமான கூடையில் நிழலில் வைத்து, தழைமேல் நீர் தெளித்துவந்தாற் போதும். வாயைப் பிளந்து ஊட்டுவது கெடுதி.

பிள்ளைகளின் ஆசை

சிறுவனுடைய ஆசையை அதட்டி ஒடுக்குவது மட்டும் போதாது. அந்த ஆசை நல்லதே. அதற்கு வேறு வழி காட்ட வேண்டும். இரவில் பச்சோந்தி கிளையின் நுனியில் வாலைச் சுருட்டிக்கொண்டு உறங்கும்போது அதன் நிறம் வெளிறிவிடும். பகலில் எதிரே நின்றாலும் கண்ணுக்குப் புலப்படாதது, இரவில் டார்ச் விளக்கின் வெளிச்சத்தில் வெள்ளைத் துணித்துண்டு போல் தெரியும். பாம்புக்கு அஞ்சிச் செருப்பும் தடியும் கொண்டு, பெரியவர் ஒருவர் துணையுடன் வேலி ஓரம் நடந்து, தொடாமல் எண்ணிவரலாம். எந்தச் செடியில் இருந்தது, எந்த மாதத்தில் கண்டது, எத்தனை என்று சிறுவன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கட்டும். கூண்டில் ஒரு மாதம் பார்த்தால் அவன் காண்பது ஒரு ஜந்து இளைத்துச் சாவதைத்தான். வேலியில் ஒரு வருஷம் பார்த்தால் அது வேட்டையாடுவதையும், சண்டையிடுவதையும், சட்டை உரிப்பதையும், மண் தோண்டுவதையும் காண்பான். அந்நோட்டுப் புத்தகம் பள்ளி ஆசிரியருக்கும் பயன்படும். அந்நிலத்தைப் பின்னாளில் ஆளப்போகும் அவனுக்கும் பயன்படும்.

வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்று ஊரில் கேலியாகச் சொல்வதுண்டு. கோர்ட்டில் அந்தச் சாட்சி செல்லாமற் போகலாம். நிலத்தின் விஷயத்திலோ அதைக் காட்டிலும் நம்பத்தக்க சாட்சி இல்லை. பச்சோந்தி இருக்கிறதென்றால் வேலி உயிரோடு இருக்கிறது. வேலி உயிரோடு இருந்தால் பச்சோந்திக்கு வேளை தவறாமல் ஆகாரமும் நீரும் வெயிலும் கிடைத்துவருகின்றன. பூச்சி பிடித்துக் கொடுக்க ஆளும் வேண்டாம், கூண்டும் வேண்டாம். இந்தப் பருவத்தில் வேலி கழிக்க ஆள் விடும் கெடார்ப் பகுதிக் குடியானவர்கள், அரிவாளை எடுக்குமுன் பாதி வேலியை அடுத்த வருஷத்திற்கென்று விட்டுவைப்பார்களாக.